விதர்மெல் வீட்டாருக்கு அண்ணர் எழுதிய ஏழு கடிதங்கள்

1978 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17 ஆம் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மெல்பேர்ணில் காலை தொடங்கிய தூறல் விடவில்லை. குளிர் பதினொரு பாகை. ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், ஆறு கட்டில்கள் உள்ள அறையின் சன்னலோரக் கட்டிலில் எங்கள் அண்ணர் கண் மூடினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. நான் அவருக்கு நான்கு வயது இளையவன். கட்டிலருகே நானும் அவருடைய ஒரே மகள் றஞ்சினியும் இருந்தோம். அவர் கடைசியாக என்னிடம் கேட்டது, அன்று காலை பத்து மணிக்கு, "தம்பி, தபால் வந்ததோ?" என்பதுதான். "இல்லை அண்ணை" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அண்ணர் யாழ்ப்பாணம் கோப்பாயில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அந்த ஐவரில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவனே. ஆகவே இந்த நினைவு மலரை நானே எழுத வேண்டியதாயிற்று. பிழை இருந்தால் திருத்த இனி எனக்கு மூத்தவர் எவரும் இல்லை.

எங்கள் குடும்பப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் சிரித்தவர்களும் பலர். சைவத் தமிழர் நிறைந்த ஊரில் 'விதர்மெல்' எப்படி வந்தது என்பதை இளைய தலைமுறைக்காக எழுதி வைக்கிறேன். எங்கள் பாட்டனாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சின்னத்தம்பி. எட்டு வயதில் தகப்பனை இழந்தவரை மிஷன் விடுதிப் பாடசாலையில் சேர்த்தார்கள். அக்காலத்தில் இங்கிலாந்தில் உள்ள ஒருவர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவருடைய பெயரையே இடுவது மிஷன் வழக்கம். பாட்டனாருக்குப் பணம் அனுப்பியவர் மிஸ் விதர்மெல் என்ற பெண்மணி. ஆண்டுக்கு மூன்று பவுண், ஆறு ஆண்டுகள். பாடசாலைப் பதிவேட்டில் இதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வயது இல்லை, ஊர் இல்லை. அவர் எங்கள் பாட்டனாரைப் பார்த்ததும் இல்லை.

இப்படிப் பெயர் பெற்ற குடும்பங்களிற் பல பின்னாளில் பழைய தமிழ்ப் பெயர்களுக்குத் திரும்பின. எங்கள் சிறிய தகப்பனார் வீட்டாரும் அப்படியே செய்தார்கள். அண்ணர் மறுத்துவிட்டார். "வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறதெண்டால் குடுத்த ஆளிட்டையெல்லோ குடுக்க வேணும்? ஆள் எங்கை?" என்று கேட்டார்.

அண்ணர் முப்பத்துநான்கு ஆண்டுகள் தபாற் பகுதியில் உழைத்தார். எட்டு ஊர்களில் தபால் அதிபராக இருந்தார். ஒரு கடிதமும் தம் கையில் ஓரிரவுக்கு மேல் தங்கியதில்லை என்பார். நான் அதை நம்புகிறேன். தகப்பனார் இறந்தபோது எங்களுக்கு இரண்டு தங்கைகள். இருவருக்கும் கலியாணம் செய்து வைத்த பிறகே, முப்பத்தாறாவது வயதில், தாம் மணம் முடித்தார். அண்ணியார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர் கொழும்பில் இருந்தார். தெருவில் தமிழர் வீடு எது என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. அண்ணரின் கேற்றில் இருந்த பெயர்ப்பலகையை ஒருவன் நின்று வாசித்தான். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடு என்று நினைத்திருக்க வேண்டும். கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போனது. அண்ணர் வீட்டினுள் அப்போது பக்கத்து வீட்டாருடன் சேர்த்து ஏழு பேர் மூச்சடக்கி இருந்தார்கள். அந்த ஏழு பேரில் றஞ்சினியும் ஒருத்தி. அன்றிலிருந்து அண்ணருக்கு ஒரே எண்ணம். விதர்மெல் வீட்டார் ஒருவரையாவது கண்டுபிடித்து, அவர்களுடைய மூன்று பவுண் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

டொக்டராக மெல்பேர்ணுக்கு வந்து கிளென் வேவர்லியில் வீடு வாங்கியிருந்த றஞ்சினி, 1974 இல் அவரை அழைத்துக்கொண்டாள். வந்த மூன்றாம் நாளே அண்ணர் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். கொழும்புப் புத்தகத்தில் இரண்டே விதர்மெல்; இரண்டும் நாங்கள். விக்டோரியாவின் புத்தகங்களில் நான்கு இருந்தன. எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் அப்போது சிட்னியில், பரமட்டாவில், மகன் வீட்டில் இருந்தேன்.

"தம்பி, உங்கத்தைப் புத்தகத்திலை பார். எத்தினை எண்டு வடிவா எண்ணு."

"மூண்டு அண்ணை."

"திரும்ப எண்ணு."

"மூண்டுதான். நான் கணக்கு வாத்தி அண்ணை."

"அதாலைதான் சொல்லுறன், திரும்ப எண்ணு."

ஆக மொத்தம் ஏழு. பெயரின் மூலத்தை அறிய அண்ணர் நகர நூலகத்துக்கு நான்கு முறை போனார். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிறு இடத்தின் பெயர் அது என்றும், ஆற்றோரம் வில்லோ மரங்கள் நிற்கும் மணல்மேடு என்று பொருள் கொள்ளலாம் என்றும், இன்று அங்கே இரண்டு பண்ணை வீடுகளே உண்டு என்றும் நூலகப் பெண்மணி ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாராம். இவ்வளவு அரிதான பெயர் என்றால் எல்லாரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்களாகவே இருக்க வேண்டும், ஏழில் ஒருவருக்காவது அந்த மிஸ் விதர்மெல் பெரியமாமி முறையாக இருக்கக்கூடும் என்பது அண்ணரின் கணக்கு. அது பிழையான கணக்கென்று நான் சொல்லவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு நான் மெல்பேர்ண் போயிருந்தேன். அண்ணர் கடிதத்தை எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பாட்டனாரின் கதை, கலவர நாளின் கதை, பிறகு எங்கள் வம்சத்தில் வந்த ஆசிரியர் ஒன்பது பேர், தாதிமார் நால்வர், வைத்தியர் மூவர் என்ற விபரம், நேரில் வந்து நன்றி சொல்ல அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை. கடைசியில் ஒரு வரி: உங்களிடமிருந்து பணமோ வேறு உதவியோ நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வரியை வெட்டச் சொன்னவன் நான்.

"அண்ணை, நன்றி சொல்லப் போற வீட்டு வாசலிலை நிண்டுகொண்டு, எனக்கு உங்கடை காசு வேண்டாம் எண்டு சொல்லுவினமோ? அது அவையைக் குறைச்சுக் கதைக்கிற மாதிரி."

"வெள்ளைக்காரருக்கு அது விளங்குமோ தெரியாது."

"மரியாதை ஆருக்கும் விளங்கும்."

றஞ்சினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, சித்தப்பா சொல்லுறதைக் கேளாதேங்கோ. இருக்கட்டும் அந்த லைன். இஞ்சை எல்லாம் ஸ்ட்ரெயிற்றாச் சொல்ல வேணும்."

"நீ பேசாமல் இரு பிள்ளை. தம்பி படிப்பிச்சவன்" என்றார் அண்ணர். வரியை வெட்டினார். ஏழு பிரதிகளையும் தம் கையாலேயே எழுதி, முத்திரைகளை ஒரு கோடு விலகாமல் ஒட்டி, 1975 ஜனவரியில் தபாலிற் சேர்த்தார்.

ஏழில் இரண்டு, ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. மற்ற ஐந்துக்கும் பதில் இல்லை.

அண்ணர் மூன்று வருடமும் ஏழு மாதமும் காத்திருந்தார். காலை பதினொரு மணிக்கு மேல் வெளியே எங்கும் போகமாட்டார். தபாற்காரன் வரும் நேரம் அது. கோபித்துக்கொண்டதில்லை. "விலாசம் சரி, முத்திரை சரி. கடிதம் போய்ச் சேர்ந்திட்டுது. அதுக்குப் பிறகு தபால் அதிபருக்கு வேலை இல்லை" என்பார். திரும்ப எழுதுவோமா என்று ஒரு முறை கேட்டேன். இரண்டாம் முறை எழுதினால் அது தொந்தரவு என்றார்.

இரத்தத்தில் வந்த நோய் இவ்வாண்டு மே மாதம் தெரிய வந்தது என்று எழுதப் போனேன். சென்ற ஆண்டு மே மாதம். எனக்கு ஆண்டுகள் குழம்புகின்றன. நான் சிட்னியிலிருந்து வந்து பதினான்கு கிழமைகள் அவருடன் இருந்தேன். நான் செய்தது ஒன்றும் இல்லை. தலையணையைத் திருப்பிப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். வைத்தியர்கள் றஞ்சினியிடம் பேசினார்கள். அவள் வைத்தியர்தான், அவளாலும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கட்டத்தில், விதர்மெல் ஒருவர் எழுதியதுபோல நானே ஒரு பதில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்றும் யோசித்தேன். ஆனால் என் கையெழுத்தை எப்படி மாற்றினாலும் அண்ணருக்குத் தெரியும். எழுபது வருடப் பழக்கம்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் மரண அறிவித்தல் வெளிவந்தது. 21 ஆம் திகதி திங்கட்கிழமை தேவாலயத்தில் ஆராதனை நடந்தது. அறுபத்துநான்கு பேர் என்று எண்ணியிருந்தேன். திரும்ப எண்ணியபோது அறுபத்தைந்து. கடைசி வரிசை வாங்கில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல உயரமான ஒரு வெள்ளைக்கார முதியவர் தனியாக இருந்தார். றஞ்சினியின் ஆஸ்பத்திரி ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ எனக்குத் தெரிந்தவர் என்று நினைத்தாளாம்.

ஆராதனை முடிந்து, அடக்கத்துக்குப் போகுமுன் தேநீர் கொடுக்கும்போது அவரே என்னிடம் வந்தார். பல்லராட்டிலிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னார். தன் பெயர் விதர்மெல் என்றார்.

நான் கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"காலையில் பேப்பரில் மரண அறிவித்தல் பார்ப்பது என் வழக்கம்" என்றார். "எங்கள் பெயரை அதில் பார்ப்பது இது இரண்டாம் தடவை. முதல் தடவை என் மனைவி."

பிறகு கோட்டின் உட்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அண்ணரின் கையெழுத்து. மடிப்புகள் நைந்து போயிருந்தன. பல தடவை விரித்து மடித்த கடிதம் அது.

"நல்ல கடிதம்" என்றார். "மூன்று நான்கு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு எவ்வளவு தேவை என்று அதில் இல்லை. பெரிய தொகையாக இருக்குமோ என்று பயந்துவிட்டேன். நான் பென்ஷன்காரன்."

"எங்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை" என்றேன்.

"அப்படியானால் அதை எழுதியிருக்கலாமே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமற் கேட்டார்.

அப்படி ஒரு வரி இருந்தது, அதை வெட்டச் சொன்னவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். றஞ்சினி பக்கத்தில் நின்றாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் கடிந்திருந்தால் எனக்கு நல்லது. முதியவர் என் தோளைத் தட்டிவிட்டு, அண்ணரின் பிரேதப் பெட்டியருகே போய்ச் சிறிது நேரம் நின்றார். ஐந்து நாள் முந்தி அவர் வந்திருந்தால் அண்ணர் கண்ணாற் கண்டிருப்பார். அந்த வரி இருந்திருந்தால் அவர் மூன்று வருடம் முந்தியே வந்திருப்பார். இந்தக் கழித்தல் கணக்கை எத்தனை விதமாகப் போட்டாலும் எனக்கு ஒரே விடைதான் வருகிறது.

போகும்போது அவர் என் கையில் ஒரு கடித உறையைத் திணித்தார். அனுதாப அட்டை என்று பையில் வைத்துவிட்டேன். அன்று மாலை திறந்தபோது உள்ளே இரண்டு பத்து டொலர் தாள்கள் இருந்தன. நன்றி சொல்ல நினைத்த வீட்டாரிடம் நாங்கள் திரும்பவும் பணம் வாங்கிவிட்டோம்.

மூன்று கிழமை கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க பல்லராட்டுக்குப் போனேன். அவர் வேலியோரம் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். வில்லோ மரங்களும் மணல்மேடும் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. மிஸ் விதர்மெல் என்று ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். தனக்கு மூன்றும் பெண்கள், மூவரும் கலியாணத்தோடு பெயரை விட்டுவிட்டார்கள் என்றார்.

"உங்கள் பக்கம் இப்போது எத்தனை பேர்?"

"பதினொருவர்."

"அப்படியானால் பெயர் உங்களுடையதுதான்" என்று சிரித்தார்.

உறையை மேசையில் வைத்தேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். "பூ வாங்கியிருந்தால் ரயிலில் வாடியிருக்கும். அதற்காகத்தான் பணம். சாவீட்டுப் பூவைத் திருப்பிக் கொடுப்பார்களா?" என்று கேட்டார். உறையோடு திரும்பி வந்தேன்.

அண்ணரை இறுதிவரை பராமரித்த நான்காம் மாடித் தாதிமாருக்கும், ஆராதனை நடத்திய குருவானவருக்கும், பதினொரு நாளும் சமைத்து அனுப்பிய அயலவருக்கும், மழையில் பிரேதத்தைச் சுமந்த எட்டுப் பேருக்கும், சிட்னியிலிருந்து இரண்டு கார்களில் வந்தவர்களுக்கும், தந்தி அனுப்பிய இருபத்தாறு பேருக்கும் எங்கள் நன்றி உரியது. பல்லராட்டிலிருந்து வந்த ஐயாவுக்கு அண்ணர் சொல்ல வைத்திருந்த நன்றியை நான் சொன்னேன். அண்ணர் சொல்லியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்த மாதம் கல்லறைக் கல் நாட்டினோம். எழுத்து வெட்டுபவர் ஓர் எழுத்துக்கு இரண்டரை டொலர் கேட்டார். மற்ற எழுத்துகளின் செலவை றஞ்சினி ஏற்றுக்கொண்டாள். குடும்பப் பெயரை நான் கேட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் அது பத்து எழுத்து, இருபத்தைந்து டொலர். உறையிலிருந்த இருபதையும் எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்து போனது ஐந்து டொலர்.