மேம்பாலத்தில் மட்டும் வந்த சத்தம்

போன வாரம் மாப்பிள்ளை புது வண்டி வாங்கி வந்தார். பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடியிருந்தார்கள். இஞ்சின் எங்கே என்றே தெரியவில்லை.

"இதுல சோத்த எங்க வெக்கிறது மாப்ள?" என்றேன்.

"சோறா? இஞ்சின் மேலயா? க்யூன் மாமா?"

டெல்லியில் பிறந்தவர், 'ஏன்' என்பதுகூட ஹிந்தியில்தான் வரும். வயிற்றுக்குக் குளிர் தெரியாத காலத்தில் வளர்ந்தவர். அவரிடம் மேலே ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

அப்போது டெல்லியில் கிட்வாய் நகர் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் டாக்ஸி ஸ்டாண்ட். ஒரு கூடாரம், இரண்டு கயிற்றுக் கட்டில், மரத்தில் அறைந்த பெட்டிக்குள் டெலிபோன். எல்லாம் ஒரு சர்தார்ஜியுடையது. நான் ஓட்டிய பழைய கறுப்பு மஞ்சள் டாக்ஸியும் அவருடையதுதான். ஜனவரியில் பகல் சாப்பாடு கல்லாகிவிடும். சாம்பார் சாதத்தைக் கரண்டியால் வெட்டவேண்டும். அதனால் ஓடி வந்து நின்ற வண்டியில், சூட்டோடு சூடாக இஞ்சின் பக்கத்தில் டிபன் கேரியரையும் அதன் மேல் ஊறுகாய் டப்பாவையும் வைத்து பானெட்டை மூடிவிடுவோம். இருபது நிமிஷத்தில் ஆவி பறக்கும். சாதத்தில் கொஞ்சம் பெட்ரோல் வாசனை இருக்கும். அது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டால் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

அந்த வண்டியைப் பகலில் நான் ஓட்டினேன். ராத்திரி ஓட்டியவன் நேகி. கட்வால் மலைக்காரன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சாவி கைமாறும். வாங்குகிறவன் "காடி டீக்?" என்பான். வண்டி சரியா என்று அர்த்தம். கொடுக்கிறவன் "டீக்" என்பான். ஆறு வருஷம் எங்கள் பேச்சு இவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் பேச வராது. அவனுக்கும் வராது. ஆனாலும் அந்த ஊரில் எனக்கு நெருக்கமானவன் யார் என்று கேட்டால் அவனைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு குளிர்காலத்தில் வண்டியில் சத்தம் வந்தது. சமமான ரோட்டில் போனால் இல்லை. நின்றால் இல்லை. ஆள் ஏறி, சாமான் ஏறி, மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் கடகடவென்று அடிக்கும். பாலம் இறங்கினால் நின்றுவிடும்.

முதலில் அதைச் சொன்னவர் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு தமிழ்க் குமாஸ்தா சார். குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பியிருந்தார். ஹோல்டால், கூஜா, மூன்று டிரங்குப் பெட்டி.

"என்னப்பா, வண்டிக்குள்ள யாரையாவது தவில் வாசிக்க வெச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"ரயிலைப் பிடிச்சுக் குடுத்துடுவியோன்னோ?"

"புடிச்சிடலாம் சார்."

அவர் மனைவி பாலம் முடியும்வரை முருகா முருகா என்றபடி வந்தார். ரயில் கிடைத்தது.

நானும் தேடினேன். டிக்கியில் இருந்த ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டினேன். சத்தம் இருந்தது. நம்பர் பிளேட்டைக் கம்பியால் இறுக்கினேன். இருந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு மணல் மூட்டையைப் பயணிகளாக ஏற்றிக்கொண்டு பாலத்தில் நாலு தரம் போய்வந்தேன். மூட்டைகள் ஒன்றும் குறை சொல்லவில்லை. சத்தம் மட்டும் இருந்தது.

அதே வாரம் வீட்டில் வேறு தொந்தரவு. என் பெண்டாட்டி அஞ்சலை மோதி பாகில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். நாங்கள் இருந்தது நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய குடிசையில். எதையும் கேட்டு வாங்காதவள், ஒரு மூடிக்காக என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

"ஊறுகா டப்பா மூடி எங்கய்யா?"

"ஸ்டாண்டுல கழுவறப்ப உழுந்திருக்கும்."

"எங்கம்மா சீரு குடுத்ததுய்யா. பேரு வெட்டுனது. ஒன்னு அதத் தேடிக் கொண்டா, இல்ல நாளையிலேர்ந்து ஊறுகா கெடையாது."

ஊறுகாய் நின்றது. இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவில்லை.

சர்தார்ஜி வண்டியைக் கரோல் பாகில் ஒரு சந்துக்குள் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். எல்லோரும் அவரை உஸ்தாத் என்பார்கள். பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் மாதிரி இருந்தது. கடைசியில், பாரம் ஏறினால்தானே சத்தம் வருகிறது, பேரிங் போய்விட்டது என்றார். எண்ணெய் இல்லாமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள், இஞ்சினைப் பிரிக்கவேண்டும்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் சர்தார்ஜி எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"சொல்லு மதராசி. எண்ணெய் யார் பார்க்கல?"

"நான் தினம் பார்த்துட்டுதான் எடுக்கிறேன், சர்தார்ஜி" என்றேன்.

அது உண்மை. ஆனால் இருப்பது இரண்டு டிரைவர்கள். ஒருவன் நான் இல்லை என்றால் மற்றவன் யார்? அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

நேகி சண்டை போடவில்லை. சர்தார்ஜி அவனை வேலையை விட்டுப் போகச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தான். ரஜாய்ப் போர்வையைச் சுருட்டினான். சாவியை என் கையில் வைத்தான். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"காடி டீக் ஹை."

போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து வண்டியைப் பிரித்தார்கள். நானும் சர்தார்ஜியும் நின்றுகொண்டிருந்தோம். இஞ்சினுக்குக் கீழே புகைக்குழாயைக் கழற்றியதும் ஏதோ ஒன்று கிணிங் என்று விழுந்து, சுற்றிச் சுற்றி ஓடிப் படுத்தது. உஸ்தாத் அதை எடுத்துத் துணியால் துடைத்தார். கருகிப்போன எவர்சில்வர் மூடி. பாரத்தோடு ஏற்றத்தில் இஞ்சின் உதறும்போதெல்லாம் அது குழாயில் அடித்திருக்கிறது.

"யே க்யா ஹை?" சர்தார்ஜி வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏதோ எழுதியிருக்கு. கம்பெனி பேரா?"

உஸ்தாத் உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சந்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்றாவது வரை படித்த படிப்பு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வண்டியில் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். கொஞ்ச நேரம் அப்படிச் சொல்லத்தான் நினைத்தேன்.

"அஞ்சலை" என்றேன். "என் பெண்டாட்டி பேர். சோறு சுட வைக்கும்போது விழுந்திருக்கு."

உஸ்தாத் சிரித்தார். சர்தார்ஜி சிரிக்கவில்லை. மூடியை என் காலடியில் எறிந்தார்.

"ஜா. அவனைக் கூட்டிட்டு வா."

மலைக்குப் போகும் பஸ் எல்லாம் கிளம்பும் இடத்தில் அன்றும் மறுநாளும் நின்றேன். தகரப் பெட்டியோடு நிறையப் பேர் போனார்கள். அவன் ஊர் என்ன என்று ஸ்டாண்டில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷம் பழகிய எனக்கே தெரியவில்லை.

அஞ்சலைக்குச் சந்தோஷம்.

"எங்கய்யா இருந்துச்சு?"

"வண்டியில."

புளி போட்டும் சாம்பல் போட்டும் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. ஊறுகாய் மறுபடியும் வந்தது. பிறகு நான் அந்த ஸ்டாண்டில் இருந்த வருஷங்களில் ஆறிய சோற்றையே தின்றேன்.

இப்போது அந்தப் பக்கம் போனால் வேப்பமரம் இல்லை. கூடாரமும் டெலிபோன் பெட்டியும் இல்லை. ஸ்டாண்ட் இருந்த இடத்தில் நடைபாதைக்குக் கல் பாவியிருக்கிறார்கள். மாப்பிள்ளை என்னை ஏற்றிக்கொண்டு மேம்பாலங்கள் மேலே ஓட்டுகிறார். ஒரு சத்தமும் இல்லை. நான் காதைக் கொடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டுகிறார். ஒருவர் வண்டியை ஒருவரே ஓட்டுகிறார். அதனால் யாரும் எதுவும் கேட்கவேண்டியதில்லை.