மாமாவின் கலயம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு மச்சில் மாமா ஒளிந்திருந்தார். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அம்மாவின் ஒரே தம்பி, வேறு எங்கே போவார்?

ஆனால் ஒளிந்திருப்பதற்கு ஏற்ற உடம்பில்லை அவருக்கு. இழுப்பு நோய். மூச்சு விட்டால் சாலை வரை கேட்கும். போலீஸ் வண்டி எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அம்மா முறத்தை எடுத்து, அரிசியே இல்லாமல் புடைக்கத் தொடங்குவாள். அந்தச் சத்தத்தில் மாமாவின் மூச்சு மறைந்துவிடும் என்பது அவள் எண்ணம்.

எனக்கும் ஒரு வேலை உண்டு. பகலில் மாமா கீழே இறங்க முடியாது. அவர் மூத்திரம் பெய்யும் மண்கலயத்தை இரண்டு வேளையும் நான் எடுத்துப்போய்த் தென்னை மூட்டில் ஊற்ற வேண்டும். யாராவது கேட்டால் மாட்டுக்குக் கழுநீர் என்று சொல்ல வேண்டும். மாட்டை விற்று ஆறு மாதம் ஆகியிருந்ததை அம்மா யோசிக்கவில்லை. அந்த வேலையை நான் அடியோடு வெறுத்தேன்.

ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். அம்மா முறத்தை வைத்துவிட்டுச் செம்பை நீட்டினாள். அவர் குடித்துவிட்டுப் போகும் வரை மேலே சத்தமே இல்லை. அம்மா ஓடி ஏறிப் பார்த்தால், தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடந்த மாமாவின் உதடெல்லாம் நீலம். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் இழுப்புக்கு மருந்து ஆற்று மீனின் பித்தப்பை. பச்சையாக, பல்லில் படாமல், தேனில் முக்கி விழுங்க வேண்டும். நாலு வயதில் நானும் விழுங்கியிருக்கிறேனாம். ஆனால் எனக்குக் கிடைத்தது விரல் நீள மீனுடையது. மாமாவுக்காக அப்பா தேடி வாங்கி வந்ததோ நெய்யாற்றுக் கெண்டை, என் கை நீளம் இருக்கும்.

"பெரிய ஆளுக்குப் பெரிய மீனாக்கும்," என்றாள் அம்மா.

கரும்பச்சை நிறத்தில் நாவல்பழம் பருமன் இருந்த அதை மாமா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மீதி மீனை அம்மா குழம்பு வைத்தாள்.

சாயந்திரத்துக்குள் வாந்தி ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் துண்டைக் கடித்தபடி மாமா புரண்டார். கபம் இளகி வருகிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். மறுநாள் வாந்தி அடங்கியது. இழுப்பும் குறைந்த மாதிரி இருந்தது. அதைவிட நல்ல காரியம், கலயம் காய்ந்து கிடந்தது. மாலையிலும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. மருந்து என் கஷ்டத்தையும் சேர்த்துத் தீர்த்துவிட்டது என்று நான் விளையாடப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு வேலை கொடுப்பார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சியோடு அம்மா மச்சில் ஏறினாள். மாமாவின் முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது. காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது. அம்மா கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இது எப்பளேருந்து இப்பிடிக் கெடக்கு?"

"முந்தாநேத்து முதலே."

"ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்காமல் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி தூரம். மாட்டு வண்டியில் போனால் இருட்டிவிடும். விரைவாகப் போகிற வண்டி ஊரில் ஒன்றுதான், அது போலீஸ் வண்டி. அப்பா சட்டையை மாட்டினார்.

"அத்தான், என்னெப் பிடிச்சுக் குடுக்காதீங்க," என்று மேலிருந்து மாமாவின் தேய்ந்த குரல் வந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"ஜெயிலுல கெடந்தாலும் உசிரோட கெடக்கட்டு. நீங்க போங்க," என்றாள் அம்மா.

எந்த வண்டிக்குப் பயந்து முறம் தட்டினாளோ, அந்த வண்டி வருகிறதா என்று அவளே சாலையில் போய் நின்றாள்.

அந்த வண்டியிலேயே மாமாவை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பை விழுங்கிய வேறொருவரையும் அங்கே டாக்டர் முன்பு பார்த்திருந்தாராம். அது விஷம், மீன் பெரிதானால் விஷமும் அதிகம், சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது என்றார். திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். இளநீர் கொடுத்தால் மூத்திரம் போகுமே என்று அம்மா கெஞ்சினாள். ஒரு வாய்கூடக் கூடாது என்றார். மாமாவுக்குத் தண்ணீரே அளந்துதான். கட்டிலின் கீழே மூத்திரம் பிடிக்க ஒரு கண்ணாடிக் குப்பி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு மலையாளப் போலீஸ்காரர், காவலுக்கு. முதல் இரண்டு நாள் அவரும் அம்மாவும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு அவரும் குனிந்து குப்பியைப் பார்க்கத் தொடங்கினார்.

பத்தாம் நாள் அப்பாவோடு நானும் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வராந்தாவில் அம்மா பாத்திரத்தைத் திறப்பதற்குள் போலீஸ்காரர் குப்பியும் கையுமாக ஓடிவந்தார்.

"சேச்சி, மூத்ரம் போயி."

இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய மஞ்சள். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சனியனை எத்தனை கலயம் தென்னை மூட்டில் கொட்டியிருக்கிறேன், ஒருநாளும் யாரும் அழுததில்லை. இனி இதைக் கொட்டுகிற வேலையும் என் தலையில் விழுமோ என்று அப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.