சல்லடையில் சலித்த நிலவு

என் மனைவி மீனா ஒரு மாவுச் சல்லடையைக் கொண்டே என்னை நாய்ப்பாடு படுத்திவிடுவாள் என்று ஒரு நாள் முழுக்க நம்பியவன் நான். ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப் போலத் தில்லியில் குப்பை கொட்டும் கணவன்மார் சிரிக்க வேண்டாம்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்ததிலிருந்து கர்வா சௌத் என்றால் மீனா ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. வடக்கத்திப் பெண்கள் புருஷன் ஆயுளுக்காகப் பட்டினி கிடந்து, நிலா எழுந்ததும் அதைச் சல்லடை வழியே பார்த்து, அதே சல்லடையில் புருஷனையும் பார்த்து விரதம் முடிக்கும் நாள் அது. அந்த வருஷம் கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி அவளையும் கூப்பிட்டுவிட்டாள். கை நிறைய மெஹந்தி. விடியுமுன் சாப்பிடப் பாலில் ஊறிய பேணி, கூடவே நம் தட்டைக்கு மைத்துனன் முறையாகும் மட்ரி. மட்ரியில் பாதியை நானும் மகளும் தீர்த்தோம். மீனா அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

மட்ரி தொண்டையில் இருக்கும்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். சதுர்த்தி! நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்று கேட்டு வளர்ந்த உடம்பு. அதைப் பார்த்த கண்ணால், அதே சல்லடையில் என்னைப் பார்த்தால்? நாய்ப்பாடு கப்பியில்லாமல் சலிக்கப்பட்டு என் தலையில்தான் இறங்கும். ஆபீஸில் ஃபைலெல்லாம் குரைத்தன. மாலையில் போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். மெஹந்தி சிவந்திருக்கிறதா என்று கையை நீட்டினாள். வாயை மூடிக்கொண்டேன். மாடியில் கண்ணையும் மூடிக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

ஐப்பசிக் குளிரில் ஏழிலைப்பாலை மணம் மொட்டை மாடிவரை ஏறி வந்தது. அகல் வெளிச்சத்தில் சிவப்புப் புடவைகள் மிதப்பதுபோல் நகர்ந்தன. மீனா தெரியாத பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்தாள்.

“அப்பா, ஜல்தி! சாந்த் வந்தாச்சு!” என்றாள் மகள்.

கண்ணை இறுக்கினேன். மதராஸி பாயீ சாப் வெட்கப்படுகிறார் என்று ஆன்ட்டி இந்தியில் கூவ, மாடியே சிரித்தது. மனைவிக்கு முதல் வாய்த் தண்ணீரைப் புருஷன்தான் புகட்ட வேண்டும். புகட்டினேன். கழுத்தில்.

“ஏங்க, என்ன கண்ணாமூச்சி இது?”

“நாலாம் பிறைடி!”

“அது வளர்பிறையில. இது பௌர்ணமி கழிஞ்ச நாலு, சங்கடஹர சதுர்த்தி. மாசாமாசம் இதே மாடியில இந்த நிலாவைப் பார்த்துட்டுத்தானே சாப்பிடறேன்?”

காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

“அப்போ இந்தப் பட்டினி யாருக்கு?”

“பிள்ளையாருக்கும் உங்களுக்கும். அவரு கண்ணை மூடிக்கல.”

திறந்தேன். பிறையே இல்லை, ஓரம் கடித்த அதிரசம்போல் பெரிய நிலவு. ஆன்ட்டிக்காகச் சல்லடை வழியே பார்த்தவள், அதை இறக்கிவிட்டு, பிள்ளையாருக்காக இன்னொரு முறை வெறுங்கண்ணால் பார்த்தாள்.

பிறகு கீழே வந்து, ஈரப் புடவையோடு நாலு பூரி சாப்பிட்டாள். எனக்கு ஒன்றும் நேரவில்லை.