மேஸ்திரியின் கண் போகும் திசை

நகரப் பூங்காவில் முப்பத்து நாலு வருஷம் மேஸ்திரியாக இருந்தவருக்கு வாயால் திட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரிடம் வேலை பார்த்த ஆறு பேரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அவர் பார்ப்பார். அவ்வளவுதான். வெட்டி முடித்த வேலிச்செடியில் ஒரே ஒரு இலை துருத்திக்கொண்டிருந்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த இலையையே பார்த்தபடி நிற்பார். யாராவது அவர் கண் போகும் திசையைப் பிடித்து, ஓடிப்போய் அதைக் கத்தரிக்கும் வரை இமை அசையாது. கத்தரித்ததும் அடுத்த செடி. நன்றாயிருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நெட்டை என்று பெயரெடுத்த மூத்த வேலையாளின் கல்யாணத்துக்கு வந்தவர், மாப்பிள்ளையின் காதோர முடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நெட்டை பாதியில் எழுந்து போய் அதைச் சரிசெய்துகொண்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தான்.

ஓய்வு பெற்ற அன்று கத்தரியைத் துடைத்துக் கிடங்கில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் தோட்டம். அதில் ஒரு இலையைக்கூட அவர் தொடவில்லை. ஒன்பது வருஷம்! புல் இடுப்பைத் தாண்டியது. பழைய சைக்கிளைக் கொடி ஒன்று விழுங்கி, மணியை மட்டும் வெளியே துப்பியிருந்தது. நட்டநடுவில் ஓர் இரும்பு நாற்காலி. தினமும் காலையில் டீ டம்ளரோடு அதில் போய் உட்கார்ந்துவிடுவார். ஏதாவது ஒரு கிளை உரிமையோடு நாற்காலிக் கையைப் பிடித்தால், அதற்கு இடம் விட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

கூடவே இருந்த அக்காவுக்கு இது பொறுக்கவில்லை.

"தம்பி, முந்தாநேத்து உள்ள போன பூனை இன்னும் வெளிய வரலை. அட்ரஸ் கேட்டுக்கிட்டு அலையுதோ என்னமோ."

"வழி தெரிஞ்சா வரும்க்கா."

"ஊர்ச் செடிக்கெல்லாம் முடி வெட்டினவன் வீட்டுல இப்படித் தலைவிரி கோலமா?"

"வளரட்டுமே. அதுங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

இந்தப் பேச்சை அந்த ஆறு பேர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

பிறகு கண்ணில் புரை விழுந்தது. தோட்டம் ஒரு பச்சைக் கலங்கலாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ ஒரு செடி மஞ்சளாகப் பூத்தது. யாரும் நட்டதில்லை. குந்தி உட்கார்ந்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். மஞ்சள் தீற்றல்தான் தெரிந்தது. அது என்ன பூ, எத்தனை இதழ் என்று பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். தம்பிக்குப் பேப்பர் படிக்க ஆசை வந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பார்க்க வந்த நெட்டையிடம் அக்கா தோட்டத்தைப் பற்றிப் புலம்பினாள். அவன் நெஞ்சு உருகிப்போனது. மேஸ்திரியாவது, செடியை வேண்டுமென்றே வளர விடுவதாவது! பாவம், குனிய முடியவில்லை, கேட்கக் கூச்சம். ஆறு பேரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். லீவு போட்டு, மெஷினும் நூலும் கத்தரியுமாக வந்தார்கள். அக்காவே கதவைத் திறந்துவிட்டாள்.

நாலாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவரைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். "இப்பக் கண்ணாடியைக் கழட்டுடா."

கழற்றினார்.

எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் கொடுமை. ஒட்ட வெட்டிய புல். நூல் பிடித்த பாத்திகள். எஞ்சிய புதர்கள் பந்து பந்தாக உருட்டப்பட்டு நின்றன. தரையில் சுண்ணாம்பு அடித்த கற்களால் 'நல்வரவு மேஸ்திரி' என்று எழுதியிருந்தது. சைக்கிளைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"குருவிக் கூட்டைக்கூட உடைக்கலை மேஸ்திரி. பத்திரமா எடுத்து மதில் மேல வச்சிருக்கோம்," என்றான் நெட்டை. உள்ளே இருந்த முட்டைகளைக் காகம் காலையிலேயே முடித்துவிட்டிருந்தது.

ஆறு பேரும் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் பரீட்சைப் பேப்பருக்குக் காத்திருக்கும் முகம். அக்கா அவர் முழங்கையைக் கிள்ளினாள். "வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுடா. மூணு நாளா வேகாத வெயில்ல செத்திருக்காங்க."

அவர் அந்த ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றார்.

முப்பத்து நாலு வருஷ வேலையில் ஒரு தடவைகூட வராத வார்த்தை. ஒருவன் அழுதே விட்டான். நெட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே நீங்க கவலையே பட வேணாம் மேஸ்திரி. மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நாங்களே வந்து வெட்டிடறோம்," என்றான்.

மேஸ்திரி முகத்தைத் திருப்பினார். அப்போதுதான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு மிச்சமிருந்த பச்சை தெரிந்தது. மெஷின் நுழையாத சந்து. அதில் அந்த மஞ்சள் பூ. ஒரு இதழ், இரண்டு, மூன்று... ஓரத்தில் சின்னச் சின்னப் பல். நடுவில் ஒரு செம்புள்ளி, யாரோ பேனாவால் வைத்தது போல. நான்கு...

இமை அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

நெட்டை அவர் கண் போகும் திசையைப் பிடித்தான். "ஐயோ, மன்னிச்சிடுங்க மேஸ்திரி!" என்று பாய்ந்து ஓடினான். இவர் வாயைத் திறப்பதற்குள் கத்தரி இரண்டு தரம் சத்தம் போட்டது.

"பாத்தீங்களாடா?" என்று பூரித்துப்போய்த் திரும்பினான் நெட்டை. "ஆபரேஷன் பண்ணியும் அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பலை!"

கறுப்புக் கண்ணாடியை ஒரு மாதம் போட்டால் போதும் என்றார் டாக்டர். வருஷம் ஒன்றாகிறது, மேஸ்திரி அதைக் கழற்றுவதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, வெறும் புல்தரையின் பக்கமாகவே முகத்தை வைத்திருப்பார். தொட்டிக்குப் பின்னால் மறுபடி ஏதோ இரண்டு இலை விட்டிருக்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.