ஐந்து பேரும் ஆஜர்

கால் போனபிறகு எனக்கு நிலையத்திலேயே உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கும்போது கயிறு நழுவி முட்டி உடைந்தது. தீயணைப்பு வண்டியில் ஏற முடியாது. வீட்டுக்கு அனுப்பாமல் டெலிபோன் பக்கத்தில் உட்காரவைத்தார் ஆபீசர். விருத்தாசலம் நிலையத்துப் பென்சன் காகிதங்களையும் என் தலையில் கட்டினார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்.

பென்சன் வேலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எவ்வளவு என்று முடிவு செய்வது மெட்ராஸில். மாசா மாசம் மணியார்டரில் அனுப்புவது தாலுகா ஆபீஸில் இருந்த கஜானா. நடுவில் நான். ஓய்வு பெறப்போகிறவரின் சர்வீஸ் புத்தகத்தில் எந்த வருசத்துக் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று தேடி, அந்த ஆபீசர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே அனுப்பி வாங்க வேண்டும். மனைவி பெயர், பிள்ளைகள் வயது கேட்டு எழுத வேண்டும். அந்தக் காகிதத்துக்கு மட்டும் எவனும் லேசில் வரமாட்டான். "நான் சாவறதுக்கு இப்பவே எழுதி வச்சிக்கிறியா?" என்பான். தினம் நெருப்புக்குள் போகிறவன்தான். காகிதத்தைக் கண்டால் பயம்.

வருசத்தில் ஒரு நாள் நான் வெளியே போக வேண்டிவரும். சித்திரையில் பென்சன்காரர்கள் எல்லாரும் கஜானாவுக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் நிலையத்துப் பென்சன்காரர்கள் அப்போது ஐந்து பேர். இன்னார்தான் இவர் என்று இலாகா ஆள் ஒருத்தர் கூடப் போய்ச் சொல்ல வேண்டும். அது நான். ஆளுக்கு ஒரு படிவம். "மேற்படியார் இன்று உயிருடன் என் முன் ஆஜரானார்" என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே என் கையெழுத்து.

சித்திரை எங்களுக்கு மோசமான மாதம். கூரை எரியும். வைக்கோல் போர் எரியும். பீங்கான் சூளைக்கு அடுக்கி வைத்த விறகு எரியும். எந்த நேரத்தில் மணி அடிக்கும், நான் டெலிபோனுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரியாது. அதனால் வேலையை முன்னாலேயே முடித்து வைப்பது என் பழக்கம். அந்த வருசமும், எழுபத்து மூன்றோ நாலோ, ஐந்து படிவத்தையும் காலையிலேயே நிரப்பினேன். ஐந்திலும் கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்திப் பையில் வைத்தேன். ஆளைப் பார்க்கும் முன்னால் போட்ட கையெழுத்து. அதற்கு முந்தைய வருசங்களிலும் அப்படித்தான். ஒன்றும் ஆனதில்லை.

ஒன்பது மணிக்கு நாலு பேர் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் வெளுத்த சட்டை, மழித்த முகம். பம்பு ஓட்டியவர் என் மேஜையைத் தட்டினார்.

"இன்னா தம்பி, இந்த வருசமும் உசுரோட இருக்கன்னு எழுதிட்டியா? அதுல ஒரு காப்பி குடு. எம் பொண்டாட்டிக்குச் சந்தேகமா இருக்குதாம்."

ஐந்தாமவர் வரவில்லை. அவரை ஏணிக்காரர் என்போம். ஏணியைச் சாத்தினால் முதலில் ஏறுகிறவர் அவர்தான். சேத்தியாத்தோப்பு தாண்டி வெள்ளாற்றங்கரையில் ஊர்.

"பஸ்ஸு லேட்டா இருக்கும். சோம்பேறி நாயி, நேரா கஜானாவுக்கே வந்துருவான்," என்றார் நாலு பேரில் ஒருவரான பழைய டிரைவர். இவரும் ஏணிக்காரரும் இருபது வருசம் ஒரே வண்டியில் போனவர்கள். வையாமல் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இங்கே எங்கள் நிலையத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். "எஸ் சார்" என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கிறவன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். கூப்பிடுகிறவருக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டார். அவரும் அப்படி ஓடி வந்தவர்தான். டிரைவரும் ஏணிக்காரரும் ஒருவருக்கொருவர் இப்படிக் கொடுத்த குரலுக்குக் கணக்கே இல்லை.

கஜானாவில் கூட்டம். வாத்தியார்கள், போலீஸ்காரர்கள், கணக்குப்பிள்ளைகள். கம்பிக்குப் பின்னால் புது கிளார்க். ஏணிக்காரர் வந்துவிடுவார் என்று நான் நீட்டிய ஐந்து படிவங்களையும் வாங்கி வரிசையாக அடுக்கினார். "பேரச் சொன்னா சத்தம் குடுங்க. வந்து நெருக்காதீங்க," என்றார். குனிந்த தலை நிமிரவில்லை.

நாலு பேர் ஆயிற்று. ஐந்தாவதாக ஏணிக்காரர் பேரைக் கூப்பிட்டார்.

"எஸ் சார்!" என்றார் டிரைவர்.

கிளார்க் டிக் போட்டார். "அடுத்தது ஸ்கூலு," என்றார்.

டிரைவர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். முகம் சுண்டிவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"பழக்கதோசம்யா. வாயி தானா சொல்லிட்டுது."

"போயி சொல்லிடலாம்ண்ணே."

"சொன்னா ஆள்மாறாட்டம்பான். துப்பாக்கி வச்சிக்கினு போலீசு நிக்கறான் பாரு. இரு, பதினோரு மணி பஸ்ஸுல வந்துருவான். மூஞ்சக் காட்டிட்டாப் போவுது."

பதினோரு மணி பஸ் வந்தது. அவர் வரவில்லை. ஒரு மணி பஸ்ஸில் கோரைப்பாய்க் கட்டோடு ஒருத்தர் இறங்கினார். அந்த ஊர்க்காரர். டிரைவர் விசாரித்தார்.

"அவுரப் பாக்கலீங்க. அந்தத் தெருவுல காலைல சாவு மோளம் கேட்டுது. யாருன்னு தெரியல. பஸ்ஸுக்கு ஓடியாந்தன்."

நாங்கள் திரும்பி நடந்தோம். கஜானாவில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். பட்டியல் மறுநாள் கடலூர் ஜில்லா கஜானாவுக்குப் போகும் என்று தெரியும்.

"எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டார் எங்கள் ஆபீசர்.

"முடிஞ்சுது சார்," என்றேன்.

செத்தவரை உயிரோடு என் முன் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போகும். என் பென்சனும் போகும். ஜெயிலும் உண்டோ என்னவோ, யாரிடம் கேட்பது? சோறு இறங்கவில்லை. "வவுறு சரியில்லியா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். மறுநாளே போயிருக்க வேண்டும். மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு தெருவே எரிந்தது. டெலிபோனை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் கஜானாவிலிருந்துதான் என்று நினைத்து எடுத்தேன்.

மூன்றாம் நாள் எனக்கு லீவு. டிரைவரும் நானும் பஸ் ஏறினோம்.

"செத்திருந்தா எனக்குச் சொல்லி வுடாம இருப்பாங்களா?" என்றார்.

கம்மாபுரம் தாண்டி, "யாரு வந்து சொல்றது, அவன் வூட்ல ஆளா இருக்குது?" என்று அவரே சொன்னார். டிக்கெட்டை விரலில் சுருட்டிச் சுருட்டித் தூளாக்கிவிட்டார்.

சேத்தியாத்தோப்பில் இறங்கி ஒரு மைல் நடை. தெருவுக்குள் நுழைந்ததும் பந்தல் தெரிந்தது. என் காலை வைத்துக்கொண்டு என்னால் ஓட முடியாது. டிரைவர் ஓடினார். பந்தலைத் தாண்டிப் போய் அடுத்த வாசலில் நின்று திரும்பி, கையை ஆட்டினார். சாவு பக்கத்து வீட்டுக் கிழவிக்கு.

ஏணிக்காரர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. மாசி மாதத்திலிருந்து அப்படியாம்.

"ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா அண்ணி?" என்றேன் அவர் மனைவியிடம்.

"நேருல வராட்டி நிறுத்திடுவாங்கன்னு சொன்னாங்க தம்பி. சித்திரைக்குள்ள எழுந்திரிச்சிடுவாருன்னு பாத்தன். அதான் யாருக்கும் சொல்லல."

டிரைவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "படுத்துக்கினே பென்சன் வாங்கறியாடா திருட்டு நாயே? நான் மூணு நாளா வெளிக்கிகூடப் போவல," என்றார். ஏணிக்காரர் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது டிரைவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "உசுரோடதான இருக்கான். நீ எழுதுனது பொய்யி இல்லியே. வுட்டுடு."

விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் 'இன்று' என்றும் 'என் முன்' என்றும் அச்சில் இருக்கிறதே. அவர் இருக்கிற நிலையில் அடுத்த வாரம் போனாலும் போவார். அதன்பிறகு குடும்ப பென்சன் கேட்டு அந்த அம்மாள் மனுப் போட்டால் ஊரில் வந்து விசாரிப்பார்கள். மாசியிலிருந்து படுக்கை என்று தெருவே சொல்லும். பின்னே சித்திரையில் கஜானாவுக்கு வந்தது யார் என்று கேட்பார்கள். மனு அங்கேயே நின்றுபோகும். இப்படியெல்லாம் யோசித்தேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பாதிக்கு மேல் பயம்.

மறுநாள் ஆபீசரிடம் சொன்னேன். டிரைவர் வாய்தவறிச் சொன்னதையும், நான் முன்னாலேயே கையெழுத்துப் போட்டதையும் சேர்த்தே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "ஏன்யா இத எங்கிட்ட வந்து சொல்ற?" என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே கஜானாவுக்கு வந்தார்.

கிளார்க் வெளுத்துப்போனார். "யோவ், டிக் போட்டது நானுய்யா. எனக்கு ரெண்டு பொண்ணு," என்றார். கஜானா ஆபீசர் வயதானவர். கத்தவில்லை. கடலூருக்கு டெலிபோன் செய்தார். தன்னிடம் இருந்த நகலில் டிக்கைச் சிவப்பு மையால் அடித்து, 'ஆஜராகவில்லை' என்று எழுதினார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் இனிமேல் பென்சன். அதுவரை நிறுத்தம்.

"எத்தினி நாள் ஆவும் சார்?"

"ஜமாபந்தி நேரம், இன்ஸ்பெக்டருக்கு நிலவரிக் கணக்கு வேல. அவரு ஓயட்டும்."

எனக்கு மெமோ வந்தது. ஒரு வருசம் இன்கிரிமென்ட் இல்லை. டிரைவரை எச்சரித்து விட்டார்கள். அது பரவாயில்லை. இந்த 'ஓயட்டும்' என்ற சொல்தான் என்னைத் தின்றது. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஏணிக்காரர் போய்விட்டால் என்ன ஆகும்? தினம் டூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். சேத்தியாத்தோப்பு பஸ்ஸின் கண்டக்டர் முகத்தைப் பார்ப்பேன். பத்து நாளில் அவருக்கே தெரிந்துவிட்டது. கேட்கும் முன்னால், "இருக்காருங்க," என்று சொல்லிவிட்டு விசில் ஊதுவார்.

முப்பத்து நாலு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். அடையாளம் சொல்ல என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஏணிக்காரர் இன்னும் இளைத்திருந்தார். "உங்க பேர் இன்னாங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பதில் வராது என்று நான் சொன்னேன். பென்சன் புத்தகத்தில் இடது முழங்கைக்குக் கீழே தழும்பு என்று இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது. ஏணிக்காரர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அதையும் பார்த்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஜீப் பானட்டின்மேல் வைத்து எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து குண்டாக வரவில்லை.

இன்ஸ்பெக்டர் அப்படியே வேறு ஊருக்குப் போனார். நான் பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். அந்த அம்மாள் ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"ஒண்ணு கேக்கறன் தம்பி. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா போன மாசமே வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும் அண்ணி."

"நடுவுல மருந்து நின்னுபோச்சு."

நான் சொம்பைக் கீழே வைத்தேன். அவர் அதை எடுத்துக் கவிழ்த்தார்.

"அடுத்த சித்திரைக்கும் இப்பிடி ஆளு வருவாங்களா?"

"வருவாங்க. நானே கூட்டியாரன்."

"அதுவரைக்கும் இருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கட்டிலைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. சன்னல் வெயில் ஏணிக்காரர்மேல் ஏறிவிட்டிருக்கும்.