காட்சிமுனையில் பத்து நிமிடம் நிற்கும்

அண்ணி எதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். ரொட்டிப் பொட்டலம், ஆரஞ்சு, தலையணை, புதுச் செருப்பின் குதிகால், எதுவானாலும் வலது கட்டைவிரல் ஒருமுறை அமுங்கி எழ வேண்டும். அப்போது கண் வேறெங்கோ இருக்கும். தலை மட்டும் யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் லேசாகச் சாயும். சைக்கிள் டயருக்கு மட்டும் இரண்டு முறை. மலைப் பாதைக்குப் போகிற டயர் கல்லைக் கவ்வ வேண்டுமே ஒழிய, கல்லோடு சண்டைக்குப் போகக் கூடாது என்பது அவள் கட்சி. எங்களிடமிருந்த பம்ப்பில் காற்றளவு காட்டும் முள் ஒன்று இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மேல்கையையும் அப்படி அழுத்திப் பார்த்துவிட்டு, "காத்து பத்தாது தம்பி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த கவிதைப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன்.

அண்ணி பஸ் ஓட்டுகிறவள். பதினேழாம் எண் தடம், பதினோரு வருடம். காலை ஐந்து பத்துக்கு நீலச் சட்டையும் தொப்பியுமாகப் படியிறங்குவாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. அவள் எத்தனையாவது படியில் இருக்கிறாள் என்பதைச் சாவிக்கொத்துச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஞாயிறு மட்டும் சாவிக்கொத்துக்குப் பதிலாகச் சைக்கிள். தடித்த டயரும் முன்பக்கம் குலுக்கல் தாங்கும் ஷாக்கும் வைத்த பழைய மலை சைக்கிள். நடையில் சுவரோரம் சாய்ந்து நிற்கும். குளியலறைக்குப் போகிறவர்கள் அதற்கு மரியாதை கொடுத்து ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

"வாரம் பூரா ஸ்டியரிங் பிடிக்கிறே. ஞாயித்துக்கிழமையும் எதையாவது பிடிச்சுக்கிட்டுதான் இருக்கணுமா?" என்பான் அண்ணன். அவன் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை பத்துமணிவரை போர்வையை விட்டு வெளியே வரமாட்டான். "அவ்வளவு உசரம் ஏறிப்போய் கடைசியில எதைப் பாக்கிறீங்க? கீழ இருக்கிற நம்ம வீட்டத்தானே? இங்கயே இருந்தா கிட்டத்துல பாக்கலாமே."

ஊருக்குப் பின்னால் எழும்பும் மலையில் மரம் வெட்டுகிறவர்கள் எப்போதோ போட்ட பாதைகள் பல உண்டு. இப்போது அவை ஒற்றையடித் தடங்களாகிவிட்டன: சரளை, வேர்கள், மழை அறுத்த பள்ளங்கள், நடுநடுவே ஒரு பாறைப் படிக்கட்டு. அந்தத் தடங்களில் மூன்று காட்சிமுனைகள். அண்ணிக்கு அவை முதல் ஸ்டாப், இரண்டாம் ஸ்டாப், டெர்மினஸ்.

காட்டுப் பாதையிலும் அவள் பஸ்தான் ஓட்டினாள். இறக்கத்தில் மற்ற சைக்கிள்காரர்கள் கூச்சலிட்டுக்கொண்டு பறப்பார்கள். அண்ணி வளைவுக்குப் பத்தடி முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டு, முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றுகொண்டு வருவதுபோல வண்டியைத் திருப்புவாள். கிளம்பும் முன் இடதுபக்கம் ஒரு பார்வை போகும். அங்கே கண்ணாடி ஏதும் கிடையாது. காட்சிமுனைக்கு வந்ததும் ஒரு காலை ஊன்றி, "பத்து நிமிஷம் நிக்கும்" என்பாள். பத்து என்றால் பத்துதான். ஒருமுறை புதர்ப்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். இரண்டு வளைவு துரத்தியபிறகுதான் பிடிக்க முடிந்தது. "டைம் ஆச்சு, எடுத்துட்டேன்" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அண்ணி என்னை முதன்முதலாக மலைக்குக் கூட்டிப் போனதற்குக் காரணம் என் கை அல்ல, கண்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். எதிரே வந்த பஸ்ஸின் நெற்றியில் இருந்த எண் எட்டா மூன்றா என்று அவளுக்குத் தெரியவில்லையாம். பக்கத்தில் வந்தபிறகுதான் தெரிந்ததாம். ஆறு வாரத்தில் டிப்போவில் டாக்டர் வருவார்; எல்லா ஓட்டுநர்களுக்கும் வருடாந்திரக் கண் சோதனை. சோதனையில் தவறினால் ஸ்டியரிங் போய்விடும்.

"கண்ணாடி போட்டுக்கலாமே அண்ணி" என்றேன்.

அவளுக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டார். போட்ட மறுவருடமே டிப்போவின் பின்கட்டில் 'தவறவிட்ட பொருட்கள்' அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். இருபது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், இன்றைக்குக் குடைகளுக்கு நடுவே குடைக்காரர் என்ற பெயரோடு இருக்கிறார். அவருக்கு வேறு ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணியிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. முதலில் கண்ணாடி, அடுத்து குடை: அவள் மனதில் அந்த வரிசை இறுகிப்போயிருந்தது.

"தூரத்துல இருக்கிறதப் பாத்துப் பாத்துப் பழகுனா கண்ணு வழிக்கு வந்துடும். மேல போனா எல்லாமே தூரம்தானே. நான் பாத்ததைச் சொல்றேன், நீ சரியான்னு பாத்துச் சொல்லு. நம்ம வீட்ல வாயத் திறக்காத ஆளு நீ ஒருத்தன்தான்."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நான் வேலைபார்க்கும் நகலெடுக்கும் கடையில் ஒரு நாளைக்கு நான் பேசுவது 'எத்தனை காப்பி' என்ற இரண்டு சொற்கள். அங்கே கூட வேலைபார்ப்பவரின் சைக்கிளை ஞாயிறுகளுக்கு இரவல் வாங்கினேன்.

முதல் ஞாயிறு, முதல் ஸ்டாப். நான் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். மலைக்கு நேர் கீழே டிப்போவின் முற்றம் விரிந்து கிடந்தது. அதில் வெள்ளை பஸ்கள் நின்றன. மணி பத்து நாற்பது.

"முதல்ல நீ சொல்லு, என்ன தெரியுது?"

யாரோ தரையில் வரிசையாக வைத்துவிட்டு எடுக்க மறந்த கடிதங்கள் மாதிரி இருப்பதாகச் சொன்னேன்.

"தம்பி, எனக்கு எத்தனைன்னு வேணும். எது மாதிரின்னு வேண்டாம்." கண்ணைச் சுருக்கி ஒரு நிமிடம் பார்த்தாள். "ஆறு."

எண்ணினேன். ஆறுதான். அடுத்த ஞாயிறும் அவள் ஆறு என்றாள், ஆறே இருந்தன. எனக்கு அண்ணியைவிட அதிக சந்தோஷம். வழியெல்லாம் ஆரஞ்சுச் சுளை கொடுத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அண்ணன், "என்ன, மலையில ரெண்டு பேருக்கும் பதவி உயர்வு கொடுத்தாங்களா?" என்று கேட்டான்.

மூன்றாம் ஞாயிறு இரண்டாம் ஸ்டாப்வரை போனோம். அண்ணி ஆறு என்றாள். நான் எண்ணினேன், ஐந்து. மறுபடி எண்ணினேன். திரும்பினால், அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வு முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால் பிள்ளைகள் அப்படி நிற்பார்கள். "ஆமா அண்ணி" என்றேன்.

நான்காம் ஞாயிறு ஏழு நின்றன. அவள் ஆறு என்றாள். அதற்கும் தலையை ஆட்டினேன். இறங்கி வரும்போதுதான் விஷயம் உறைத்தது. ஞாயிறு பத்து நாற்பதுக்கு டிப்போவில் எத்தனை வண்டி நிற்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். அட்டவணைப்படி ஆறு. ஒரு வண்டி தாமதமாகும், இன்னொன்று பழுதாகித் திரும்பும். அதெல்லாம் அட்டவணையில் இருக்காது. அவள் என்னை ஏமாற்றவில்லை. தெரிந்ததைப் பார்த்ததாக நம்பிவிட்டாள்.

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. கடை வாசலில் பதினேழாம் எண் போகும்போதெல்லாம் எழுந்து நின்றேன். முன்கண்ணாடியில் வெயில் பட்டு ஓட்டுகிறவர் முகம் மறைந்தது. கையசைத்தேன், பதில் அசைவு வரவில்லை. அதுவும் தெரியவில்லையோ என்று மறுமுறை இன்னும் பெரிதாக அசைத்தேன். பள்ளிப் பிள்ளைகள் சன்னல்களில் முகம் ஒட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் அண்ணி சாப்பிடும்போது அவள் கட்டைவிரல் நகத்தைச் சுற்றிக் கறுப்பு ஏறியிருந்தது. சோப்புக்கும் அசையாத கறுப்பு. சைக்கிளை அதிகம் நோண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவள் என்னிடம் ரொட்டிப் பொட்டலத்தை நீட்டுவாள். வார்த்தை உள்ளேயே போய்விடும்.

ஐந்தாம் ஞாயிறு டெர்மினஸ். கடைசி ஏற்றத்தில் சைக்கிளைத் தோளில் சுமந்துதான் ஏற வேண்டியிருந்தது. உச்சியில் மரங்கள் சட்டென்று விலகி, காற்று சட்டைக்குள் புகுந்தது. ஊர், ஆறு, பாலம், அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப்போகும் குன்றுகள். எது மாதிரி என்று உவமைகள் எனக்குள் வரிசையாக வந்தன. எதையும் சொல்லவில்லை.

அண்ணி கீழே பார்த்தாள். "ஆறு."

"அஞ்சு, அண்ணி."

"ஆறு இருக்கணுமே."

"இருக்கணும்தான். ஆனா இருக்கிறது அஞ்சு."

அவள் மறுபடி பார்த்தாள். கண்ணைச் சுருக்கவில்லை இப்போது. "போன வாரம்?"

"ஏழு."

"அதுக்கு முந்தி?"

"அஞ்சு."

"அப்புறம் ஏன்டா ஆமா ஆமான்னு மண்டைய ஆட்டுன?"

அண்ணி என்னை முதன்முதலாக 'டா' போட்டது அன்றுதான். "உங்க மூஞ்சியப் பாத்து..." என்று இழுத்தேன்.

"என் மூஞ்சியிலயா பஸ் நிக்குது?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவள் முதுகைக் காட்டி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஆரஞ்சை எடுத்தாள், அழுத்தினாள், உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "எனக்கு வேற எதுவும் வராது தம்பி. உங்க அண்ணன் ஒரு மெஷின் இல்லேன்னா இன்னொண்ணப் பிரிச்சுப் பொழைச்சுக்குவாரு. எனக்கு இந்த ஒண்ணுதான் தெரியும்" என்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆரஞ்சை வாங்கி உரித்து, பாதியை அவள் கையில் வைத்தேன்.

தின்று முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் ஆச்சு. எடு வண்டிய. நீ முன்னால போ."

எப்போதும் அவள்தான் முன்னால் போவாள்.

"கல்லுன்னா கல்லுன்னு சொல்லு. பள்ளம்னா பள்ளம்னு சொல்லு. காத்துல எனக்குக் காது கேக்காது, சத்தமாச் சொல்லணும்."

இறங்கினேன். முதல் கல்லுக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை. "யாருக்குச் சொல்றே, கல்லுக்கா?" என்று பின்னாலிருந்து அதட்டல் வந்தது. "கல்லு!" என்று கத்தினேன். மரத்திலிருந்து இரண்டு பறவைகள் எழும்பின. "வேர்! இடதுபக்கம் பள்ளம்! படி, ரெண்டு படி!" எதிரே ஏறி வந்த நான்கு சைக்கிள்காரர்கள் ஒதுங்கி நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களையும் விடவில்லை: "ஆளு! நாலு பேரு!" பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த சத்தம் முழுவதும் அந்த ஒரு இறக்கத்தில் செலவானது. பின்னால் அண்ணியின் டயர் சரளையில் உருளும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. தார் ரோட்டைத் தொட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, என் மேல்கையை அழுத்திப் பார்த்தாள். இந்த முறை காற்றைப் பற்றிப் பேச்சில்லை.

மறுநாளே கண்ணாடிக்கடைக்குப் போனோம். அண்ணனிடம் அண்ணியே சொன்னாள். "இதுக்காடி அஞ்சு வாரம் மலை ஏறுன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றவன், கறுப்புச் சட்டத்தில் ஒன்றைத் தானே தேடி எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டான். ஆறாவது வாரம் டாக்டர் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். படித்தாளாம். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்ததாம், அதையும் படித்துவிட்டு வந்தாள். ஸ்டியரிங் அவளுக்கே என்று ஆயிற்று.

அடுத்த ஞாயிறு டெர்மினஸில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிர்ச்சரிவைப் பார்த்தாள். "தம்பி, அந்தப் பக்கத்து மரத்துல எல்லாம் தனித்தனியா இலை இருக்குடா" என்றாள். அன்றைக்கு மட்டும் வண்டி பதினெட்டு நிமிடம் நின்றது. நான் நேரம் பார்த்தேன், சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, அண்ணியின் பஸ்ஸில் போகும் கண்டக்டர் எங்கள் கடைக்கு நகலெடுக்க வந்தார். டிப்போவில் அவருக்கு விசில் என்று பெயர். காகிதங்களை நீட்டிக்கொண்டே பேசினார். அண்ணி திரும்பி வந்தபிறகுதான் தனக்கு உயிர் வந்ததாம். அந்த ஐந்து வாரமும் வேறொரு ஆள் குலுக்கின குலுக்கலில் இடுப்பு கழன்றுவிட்டதாம்.

"எந்த அஞ்சு வாரம்?" என்று கேட்டேன்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டா மூன்றா என்று தெரியாமல்போன அந்த வியாழனுக்கு மறுநாள் காலையே, தோள் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணி ஸ்டியரிங்கை விட்டு இறங்கியிருக்கிறாள். ஐந்து பத்துக்கு நீலச் சட்டையோடு வீட்டிலிருந்து கிளம்பி, டிப்போவில் சட்டையை மாற்றிக்கொண்டு, சாயங்காலம்வரை டயர் கொட்டகையில் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். தோள் வலிக்காரிக்கு இது என்ன வேலை என்று எல்லோரும் சிரித்தார்களாம். அந்த ஐந்து வாரத்தில் அவள் ஒரு பயணியைக்கூட ஏற்றவில்லை.