மதினி போட்டுக்கொண்ட ஊசி

மதினி முதன்முதலாகத் தன் கையாலேயே ஊசி குத்திக்கொண்டது எங்கள் வீட்டு அடுப்படியில்தான். சின்னப் பித்தளைச் சட்டியில் கண்ணாடிக் குழாயும் ஊசியும் கொதித்துக்கொண்டிருந்தன. வாசற்படியில் என் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். மதினி யாரையும் பார்க்கவில்லை. ஆறவைத்த குழாயில் மருந்தை உறிஞ்சினாள், சேலையை ஒதுக்கித் தொடைச் சதையைக் கிள்ளிப் பிடித்தாள், ஒரே குத்து. பிறகு நிதானமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "முடிஞ்சிருச்சு அத்தை. நகருங்க, நான் கஞ்சி குடிக்கணும்" என்றாள். அம்மா நகர்ந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் அண்ணன் பெண்டாட்டியைத்தான் மதினி என்கிறேன். வெள்ளைக்காரன் காலம் அது. யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊர். புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்கே நான் திரும்பி வந்திருந்த சமயம். வந்தவளை மூலையில் உட்காரச் சொன்னார்கள் எல்லோரும். "மூலையில என்னத்த இருக்கு? வா, வந்து உளுந்தை ஆட்டு" என்றவள் மதினி ஒருத்திதான். அதற்காகவே அவளுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

அந்த மதினி ஒரே கோடையில் பாதியாகிப் போனாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நீரிழிவு என்று சொல்லி வைத்தியர் கஷாயம் கொடுத்தார். ஆவாரம்பூவைப் போட்டுக் குடித்ததில் அடுப்புப் பக்கமெல்லாம் அதே வாசனை. ஒன்றுக்கும் நோய் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் பிள்ளை இல்லை என்ற பேச்சு ஏற்கனவே வீட்டில் இருந்தது. இப்போது நோயும் சேர்ந்ததா, என் அம்மா சத்தமில்லாமல் திருமங்கலத்துப் பக்கம் அண்ணனுக்கு இன்னொரு பெண் பார்க்க ஆள் விட்டுவிட்டாள். விஷயம் கிணற்றடியில் மதினி காதுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர்க் குடத்தோடு நேராக வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"நான் இன்னும் சாகலங்க. அதுக்குள்ள எம் பாயில படுக்க ஆள் தேடுறீகளோ?"

அண்ணன் உத்தரத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அம்மா முன்னால் அவருக்கு நாக்கு எழும்பாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கேட்டே விட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில், நாங்கள் கேட்காமலே, வண்டி பூட்டி வாசலில் நின்றது. பண்ணையாள் ஓட்ட, நானும் மதினியும் மதுரைக்குப் போனோம்.

மதுரையில் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் ஆஸ்பத்திரி அது. அங்கிருந்த டாக்டரம்மா நம் பக்கத்துப் பெண்மணிதான். கட்டைக் கொண்டை, வெள்ளைச் சேலை, சுற்றி வளைக்காத பேச்சு. மதினியின் மூத்திரத்தில் ஏதோ நீல மருந்தை ஊற்றிக் காய்ச்சினார். செங்கல் நிறத்துக்கு மாறியது. இன்சுலின் என்று புது மருந்து வந்திருக்கிறது, தினமும் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும், உயிர் இருக்கும் மட்டும் போட வேண்டும் என்றார். "போடலேன்னா?" என்று மதினி கேட்டாள். "அடுத்த கோடையைப் பார்க்க மாட்டீங்க அம்மா" என்றார் டாக்டரம்மா. அதைச் சொன்ன விதத்தில் பூச்சே இல்லை. மதினிக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தொடையைக் காட்டி, "எந்த எடத்துல குத்தணும்?" என்றாள்.

கொஞ்ச நாள் அங்கேயே தங்கி, நர்சுகள் போடப் போடப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். டாக்டரம்மா எங்களை விடாமல் படிக்க வைத்த பாடம் ஒன்று உண்டு. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். ஊசியும் பட்டினியும் ஓர் உடம்பில் சேரக் கூடாது. சேர்ந்தால் வேர்த்துக் கொட்டும், கைகால் ஆடும், பேச்சுக் குழறும், நினைவு தப்பும். உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் ஆள் போய்விடும். மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று மதினி கேட்டதற்கும் மறைக்காமல் சொன்னார். மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்பிலிருந்தாம்.

அதை வீட்டில் வந்து மதினி ஒளிக்கவில்லை, அதுதான் வம்பாகிப் போனது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆத்தி! மாட்ட அறுத்து எடுத்தத ஒடம்புல ஏத்திக்கிட்டு என் அடுப்படியில நிக்கிறாளே!" மதினி அசரவில்லை. "மாடு நமக்கு உழுது போடலையா, வண்டி இழுக்கலையா? இதையும் செஞ்சிட்டுப் போகட்டும் அத்தை" என்றாள். மருந்துக்கு ஆகும் செலவைச் சொல்லிக் காட்டவும் அம்மாவுக்கு வழியில்லை. கோச்சடையில் மதினியின் அப்பா எழுதிக்கொடுத்த வயல் இருந்தது. அந்தக் குத்தகையில் மருந்து வந்தது. மருந்துப் புட்டியை வெக்கை படாமல் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் புதைத்து வைத்தோம். மதினிக்குக் கன்னத்தில் சதை திரும்பியது. வளையல் முழங்கைக்கு ஏறுவது நின்றது.

ஆனால் திருமங்கலத்துப் பேச்சு நிற்கவில்லை. "ஊசியில தொங்குற உசுரு எம்புட்டு நாளைக்கு?" என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். அம்மன் பொங்கல் முடிந்ததும் பெண் வீட்டில் பூ வைப்பது என்று முடிவாகிவிட்டது. பொங்கலுக்குப் பெண்கள் முளைப்பாரி எடுப்பார்கள். சட்டியில் நவதானியம் விதைத்து, வெயில் படாமல் வளர்த்து, பயிரோடு தலையில் தூக்கிக்கொண்டு போய் அம்மன் முன்னால் இறக்குவது. அன்றைக்கு அதை இறக்கும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. ஊசி ஏறிய உடம்பு முளைப்பாரிக்கு ஆகாது என்று அம்மா ஊருக்குள் சொல்லி வைத்தாள். முளைப்பாரி எடுக்காதவள் அந்த வீட்டு மருமகளே இல்லை என்று அர்த்தம்.

மதினிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் தானே ஒரு சட்டியில் விதைத்து முளைப்பாரி வளர்த்தாள். பொங்கலன்று காலையில் வழக்கம்போல ஊசியைப் போட்டாள். கஞ்சியைத் தொடவில்லை.

"டாக்டரம்மா என்ன சொன்னாக? மறந்துட்டியா?" என்றேன்.

"ஊசி மருந்து. வயித்துக்குள்ளயா போகுது? விரதத்துக்கு ஒரு பங்கமும் இல்ல. சின்ன வயசுலேருந்து விரதம் இருந்தவ நான். ஊசியையும் விட மாட்டேன், முளைப்பாரியையும் விட மாட்டேன். ரெண்டையும் சேத்துக் காட்டுறேன் பாரு" என்றாள்.

நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள்? தாலியறுத்தவள் முளைப்பாரிப் பக்கம் வரக் கூடாது என்பது ஊர் வழக்கம். நான் போனேன். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், வெல்லம் கரைத்த பானகக் குடங்கள் வைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டேன்.

உச்சி வெயிலில் ஊர்வலம் வந்தது. கொட்டு முழங்க, குலவைச் சத்தம் காதை அடைத்தது. மதினியைத் தேடினேன். அம்மன் முன்னால் முளைப்பாரியை எப்படியோ இறக்கிவிட்டாள். இறக்கிய கை கீழே வரவில்லை, அந்தரத்தில் ஆடியது. முகமெல்லாம் வேர்வை, ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. கண் ஒரே இடத்தில் நின்றது. ஏதோ முனகினாள், ஒரு சொல்லும் புரியவில்லை. "ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். கொட்டு வேகமெடுத்தது. பூசாரி ஓடி வந்து அவள் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசி, கையில் வேப்பிலையைத் திணித்தார். அத்தனை நாள் அவளைத் தூற்றிய என் அம்மா அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"ஆத்தா! எம் மகனுக்கு வேற கல்யாணம் பண்ணட்டுமா? ஒரு வாக்குச் சொல்லு தாயே!"

டாக்டரம்மா சொன்னது அத்தனையும் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. வந்திருப்பது ஆத்தா இல்லை, சாவு. சாமி வந்தவளைத் தொட ஆண்களே அஞ்சுவார்கள், நான் எம்மாத்திரம்? ஒரு செம்பு பானகத்தை மொண்டுகொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடினேன். "ஏய், நீ எங்கடி வார!" என்று நாலைந்து பேர் மறித்தார்கள். "ஆத்தா பானகம் கேக்குறா, வெலகுங்கடா!" என்று நான் போட்ட கூச்சலில் வழி கிடைத்தது. மதினியின் தாடையைப் பிடித்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். நல்லவேளை, விழுங்கினாள். கடிகாரம் யாரிடமும் இல்லை. எனக்கு ஒரு யுகம் போனது போல இருந்தது. ஆட்டம் அடங்கியது. கண் அசைந்து, என் மேல் வந்து நின்றது. மதினி திரும்பி வந்துவிட்டாள்.

அம்மா இன்னும் காலடியில் கிடந்தாள். "சொல்லு தாயே" என்றார் பூசாரி. கொட்டை நிறுத்திவிட்டார்கள். நான் அவள் காதில், "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிரு மதினி, போதும்" என்றேன். போதும்தான். ஆத்தா வாயால் வந்த ஒரு வார்த்தையை மீற எங்கள் ஊரில் எவனுக்கும் தைரியம் கிடையாது. வாசல் வரைக்கும் வந்த அதிர்ஷ்டம் அது.

மதினி நெற்றித் திருநீற்றைத் துடைத்தாள். வேப்பிலையைக் கீழே வைத்தாள்.

"ஆத்தா ஒண்ணும் வரல. ஊசியப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தேன், கூறுகெட்ட வேல. அதான் மயக்கம் வந்திருச்சு. எந்திரிங்க அத்தை. ஆத்தாகிட்டக் கேட்டத என்கிட்டக் கேளுங்க. எம் புருசனுக்கு இன்னொருத்தி வேணுமான்னுதான? வேணாம். நான் சொல்றேன். நான் சாகப் போறதில்ல. தெனமும் ஊசி போடுவேன், வேளைக்குத் தின்பேன், இந்த வீட்டுலதான் இருப்பேன்."

கூட்டம் கொதித்தது. சாமி குத்தம் என்றார்கள். பூசாரி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அண்ணன் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். படையலிலிருந்த பழத்தை எடுத்து உரித்து மதினி கையில் கொடுத்து, "தின்னு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "திருமங்கலத்துக்கு ஆளனுப்பி வேணாம்னு சொல்லிருங்கம்மா" என்றார். அம்மா முன்னால் அவர் நிமிர்ந்து பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மதினி அங்கேயே உட்கார்ந்து பழத்தை முழுசாகத் தின்று முடித்தாள்.

இப்போது தெருவுக்கு நாலு பேர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மதினி அதற்கப்புறம் எத்தனையோ பொங்கல் பார்த்தாள், மாமியாரை வழியனுப்பிவிட்டுத்தான் போனாள். அம்மா கடைசி வரைக்கும், "அன்னைக்கு ஆத்தாதான் வந்து கல்யாணத்த நிறுத்துனா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. பொங்கல் வந்தால் இன்றைக்கும் சின்னப் பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். போன வருஷமும் சொன்னார்கள், நான் குறுக்கே விழுந்தேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். அன்றைக்குப் பேசியது ஆத்தா இல்லை. என் மதினி.